குந்தவையா, பூங்குழலியா, ஆதிரையா? கதையிலிருந்து பெயர் எடுப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பிறக்கப்போகும் குழந்தைக்குக் கதை மாந்தர் பெயரைத்தான் வைப்பது என்று உங்கள் வீட்டில் முடிவாகியிருந்தால், அது நல்ல முடிவு. ஒரு பெயரோடு ஒரு கதையும் சேர்ந்து வருவது பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய சொத்து. ஆனால் எந்தக் கதை, எந்த மாந்தர் என்று தேர்ந்தெடுப்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். ஓசை பிடித்திருக்கிறது, படத்தில் அந்த வேடத்தில் நடித்தவரைப் பிடித்திருக்கிறது, அதுவே போதும் என்று பதிவு செய்துவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளை அதே கதையைப் படிக்கும். "இவர் பெயரை எனக்கு ஏன் வைத்தீர்கள்?" என்று கேட்கும். அப்போது தயங்காமல், மகிழ்ச்சியோடு பதில் சொல்ல முடிகிற பெயரே நல்ல பெயர் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இங்கே பெயர்களை ஓசையால் மட்டும் ஒப்பிடவில்லை. அந்த மாந்தர் கதையில் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதையும் பார்க்கிறேன்.

பெரும்பாலான வீடுகளில் பேச்சு தொடங்குவது கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில்தான். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல். 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபின் புதிய தலைமுறைப் பெற்றோருக்கும் அதன் மாந்தர்கள் நெருக்கமாகிவிட்டார்கள். இதிலிருந்து பெயர் எடுப்பவர்கள் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலர் வரலாற்றில் வாழ்ந்தவர்கள், சிலர் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். இரண்டுக்கும் பலன் வேறு.

அருள்மொழி, குந்தவை, ஆதித்த கரிகாலன், வந்தியத்தேவன், செம்பியன் மாதேவி ஆகியோர் முதல் வகை. இவர்களில் குந்தவை எனக்கு மிகவும் பிடித்தவர். தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றோடு தன் அக்கா கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். திண்டிவனம் அருகே தாதாபுரத்தில் குந்தவை எடுப்பித்த கோயில் இன்றும் நிற்கிறது. தஞ்சாவூரில் பெண்கள் படிக்கும் அரசுக் கல்லூரி குந்தவை நாச்சியார் பெயரில் நடக்கிறது. நாவலை மறந்துவிட்டாலும் இந்தப் பெயருக்குக் காலூன்ற இடம் இருக்கிறது. நாவலிலும் அவள் அறிவால் நாட்டைக் காப்பவள். வந்தியத்தேவன் மீது காதல் இருந்தும் சோழ நாட்டை விட்டுப் போகச் சம்மதிக்காதவள். மகளிடம் முழுக்கதையையும் ஒளிக்காமல் சொல்லலாம். ஒரே குறை ஓசையில்தான். இன்றைய பெண் பெயர்கள் பெரும்பாலும் இகரத்திலோ ஆகாரத்திலோ முடிகின்றன. 'வை' என்ற முடிவு பள்ளியில் சற்றுத் தனித்துக் கேட்கும். ஔவைக்குப் பழகிய காதுகளுக்கு இதுவும் பழகிவிடும்.

அருள்மொழி ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பொருந்துகிற பெயர். தமிழ்நாட்டில் இரு பாலரும் இந்தப் பெயரோடு இருக்கிறார்கள். கல்வெட்டுகளில் 'அருமொழி' என்ற வடிவமே காணப்படுகிறது, அருமொழிதேவ வளநாடு என்று ஒரு நாட்டுப் பிரிவே இருந்தது; கல்கி எழுதிய வடிவம்தான் மக்களிடம் நிலைத்தது. கையில் வந்த மகுடத்தை வேறொருவர் தலையில் வைத்து மகிழ்ந்தவன் என்ற நாவலின் முடிவு எந்தப் பிள்ளையையும் பெருமைப்படுத்தும்.

ஆதித்த கரிகாலன் பெயரில் எனக்குத் தயக்கம் உண்டு. அவன் வீரத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாவலில் அவனுக்கு ஆறாத மனப்புண்ணும் அகால மரணமும்தான். கொலை வரலாற்றிலும் நடந்தது. கொன்றவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்த ஆணை காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. முழுப் பெயரையும் சேர்த்து வைத்தால் அந்த இளவரசன் மட்டுமே நினைவுக்கு வருவான். 'கரிகாலன்' என்று மட்டும் வைத்தால் கல்லணையோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய சோழனின் பெயராகிவிடும். 'ஆதித்தன்' என்றால் கதிரவன் பெயர். பிரித்து வைப்பதே நல்லது.

வந்தியத்தேவன் கதையாகப் படிக்கும்போது அத்தனை பேரையும் கவர்ந்துவிடுகிறான். குறும்பு, துணிச்சல், நட்பு எல்லாம் உள்ளவன். ஆனாலும் பெயர் நீளம். ஆங்கிலத்தில் எழுதினால் விண்ணப்பப் படிவத்தின் கட்டங்கள் நிறைந்துவிடும். 'தேவன்' என்ற முடிவைச் சிலர் சாதிப் பெயராகவும் கேட்பார்கள், பிள்ளை அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க நேரலாம். வந்தியத்தேவனை விரும்புகிறவர்கள் அதே நாவலின் சேந்தன் அமுதனைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பூமாலை தொடுத்துக்கொண்டு தேவாரம் பாடித் திரிந்த எளிய இளைஞன், இறுதியில் அரியணை ஏறுகிறான். சேந்தன் முருகனுக்குரிய பெயர், திருப்பல்லாண்டு பாடிய சேந்தனாரின் பெயரும் அதுவே. மூன்றசையில்லை, இரண்டே அசை. இவ்வளவு நல்ல பெயரை ஏன் யாரும் எடுப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

கற்பனையில் பிறந்தவர்களில் போட்டி நந்தினிக்கும் பூங்குழலிக்கும் இடையில்தான். நந்தினி என்ற பெயர் நாவலுக்கு வெளியிலும் பரவலாக இருப்பது. யாரும் உடனே பழுவூர் இளையராணியை நினைக்கப்போவதில்லை. ஆனால் நாவலுக்காகவே வைக்கிறோம் என்றால், பழிவாங்கும் வெறியில் எரிந்துபோகும் ஒரு பெண்ணின் பெயரை மகளுக்கு வைக்கிறோம். அவளுக்கு நேர்ந்த அநீதியைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. கல்கி படைத்த பெண்களிலேயே ஆழமானவள் அவள்தான் என்று நானும் சொல்வேன். ஆயினும் ஆழமான பாத்திரம் என்பதும் பெயர் சூட்டத் தகுந்த பாத்திரம் என்பதும் ஒன்றல்ல.

பூங்குழலி கோடிக்கரையில் படகு வலிக்கிற பெண். கடலுக்கும் புயலுக்கும் இருட்டுக்கும் அஞ்சாதவள். அருள்மொழியைக் கடலிலிருந்து மீட்டவள். அவள் வாழ்க்கை நிறைவாகவே முடிகிறது, சேந்தன் அமுதனோடு. பெண் குழந்தைக்கு இதைவிட உற்சாகமான கதை வேறு என்ன வேண்டும்? சிக்கல் ழகரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் 'பூங்குலலி' என்றோ 'பூங்குளலி' என்றோ கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளைப் போடும் வழக்கத்தால், கேரளத்தில் சரியாகச் சொல்லிவிடுவார்கள். மற்ற மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் 'பூங்குஸலி' ஆகிவிடும். பிள்ளை வெளியூரில் வளரப்போகிறது என்றால் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழகத்திலேயே வளரும் குழந்தைக்கு, உச்சரிப்பு கெட்டுவிடுமோ என்ற பயத்துக்காக இந்தப் பெயரைக் கைவிடுவது எனக்குச் சம்மதமில்லை. நாம் கூப்பிடாவிட்டால் அந்த எழுத்தை வேறு யார் கூப்பிடுவார்கள்?

கல்கியின் இன்னொரு நாயகி 'சிவகாமியின் சபத'த்தில் வரும் சிவகாமி. தில்லை அம்பிகையின் பெயர் என்பதால் பாட்டிமார்கள் மறுப்புச் சொல்லமாட்டார்கள். நாவலின் சிவகாமியோ மாமல்லனை இழந்து, ஏகாம்பரநாதரையே நாயகனாக ஏற்றுத் தனிமையில் நிற்கிறாள். அந்தப் பெயருக்கு அம்பிகையை முதற்கதையாகவும் நாவலில் வரும் சிற்பி ஆயனரின் மகளை இரண்டாவதாகவும் சொன்னால் போதும்.

இனிக் காப்பியங்கள். கண்ணகி என்ற பெயரை வைக்க இன்றும் பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. கணவனைப் பறிகொடுத்தவள், கோபத்தால் ஊரை எரித்தவள், அந்த வாழ்க்கை நம் பெண்ணுக்கு வேண்டாம் என்பார்கள். இந்த அச்சத்தை நான் இகழமாட்டேன். ஆனால் அரசனின் அவையில் ஒற்றைச் சிலம்போடு நின்று, தவறு உன்னுடையது என்று மெய்ப்பித்தவளை வேறு எந்த இலக்கியத்தில் காட்டுவது? 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவளுக்குச் சிலை எழுந்தது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் வைகாசி மாதம் அவள் கோயில்களில் சடங்கு நடக்கும், கண்ணகி வழக்குரை பாடுவார்கள். அந்த மண்ணில் அவள் துயரப்பட்ட மனைவி என்பதைவிட மழையும் நலமும் தரும் தாய். இந்த அச்சம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உண்மையாகவே இருக்குமானால் அவர்களோடு மல்லுக்கட்டி இந்தப் பெயரை வைக்காதீர்கள். பெயர் சூட்டும் நாளில் தொட்டிலைச் சுற்றி முகவாட்டம் இருக்கக் கூடாது. அப்படி இல்லாத வீடுகளில் தயங்காமல் வைக்கலாம்.

மாதவி எளிமையான, அழகான பெயர். கதையில் அவளுக்கு இழைக்கப்பட்டது பெரிய அநியாயம். கானல்வரிப் பாட்டுக்குப் பின் கோவலன் வீணான ஐயத்தால் விட்டுப் போகிறான். கடைசியில் துறவு பூண்டு, மகளையும் அவ்வழியில் நிறுத்துகிறாள். கலையில் சிறந்தவள், மனத்தில் உறுதி உள்ளவள். பெரிய வகுப்புப் போன பின் சொல்ல வேண்டிய கதை இது.

மணிமேகலை என்ற பெயர் சூட்டப்பட்டதே ஓர் அருமையான கதை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணன் அதைக் கோவலனிடம் நினைவுபடுத்துகிறான். கோவலனின் முன்னோர் ஒருவர் கடலில் மரக்கலம் உடைந்து தத்தளித்தபோது காப்பாற்றியது மணிமேகலா தெய்வம். அந்தக் குலதெய்வத்தின் பெயரைத் தன் மகளுக்கு வைக்கச் சொன்னான் கோவலன். கேட்டு வளர்ந்த கதையிலிருந்து குழந்தைக்குப் பெயர் எடுக்கும் ஆசை நமக்குப் புதிதாக வந்ததில்லை. அந்த மகள் வளர்ந்து, அமுதசுரபி ஏந்திப் பசித்தவர்களுக்குச் சோறிட்டாள். சிறையில் அடைபட்டபோதும் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கச் செய்தாள். பெயரில் ழகரம் இல்லை. மேகலை, மேகலா, மணி என்று வீட்டில் எப்படியும் சுருக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: பொன்னியின் செல்வனிலும் கடம்பூரில் ஒரு மணிமேகலை இருக்கிறாள், அவள் முடிவு மிகவும் சோகமானது. மகளிடம் எந்த மணிமேகலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

'மணிமேகலை' காப்பியத்தில்தான் ஆதிரையும் வருகிறாள். அமுதசுரபி மணிமேகலை கைக்கு வந்தாயிற்று. முதல் பிச்சையை யாரிடம் வாங்குவது? புகார் நகரில் ஆதிரையிடம் வாங்கு என்று வழிகாட்டப்படுகிறது. அவள் கணவன் சாதுவன் பொருள் தேடிக் கடலோடினான். கலம் மூழ்கியது, அவன் மாண்டான் என்று செய்தி வருகிறது. ஆதிரை தீயில் இறங்குகிறாள், தீ அவளைச் சுடவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான், திரும்பி வருவான் என்று அசரீரி சொல்கிறது. அவ்வாறே வருகிறான். தீயில் இறங்கும் பகுதி இன்றைய பிள்ளைக்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டியது, உண்மைதான். ஆனால் அவள் கதை அங்கே முடியவில்லை. காத்திருந்தவள், தானம் செய்தவள். அவள் இட்ட முதல் பிடிச் சோற்றிலிருந்துதான் அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரத்தின் பயன் ஊருக்குத் தொடங்குகிறது. நூலில் ஒரு முழுக் காதையே அவள் பெயரில் இருக்கிறது. பெயரோ மூன்றே எழுத்து. எந்த மொழிக்காரரும் தடுமாறாமல் சொல்வார்கள். சைவக் குடும்பங்களுக்குத் திருவாதிரை நாளும் நினைவுக்கு வரும்.

சமூக நாவல்களின் பெயர்கள் வேறு வகை. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வெளிவந்த காலத்தில் அரவிந்தன், பூரணி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த குடும்பங்கள் ஏராளம். பின்னர் தூர்தர்ஷன் தொடராக வந்தபோது மு.க. ஸ்டாலின் அரவிந்தனாக நடித்தார். இன்று அறுபது வயதை நெருங்கும் அரவிந்தன்களைச் சந்தித்தால் கேட்டுப் பாருங்கள், அவர்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இருந்திருக்கும். இப்பெயர்களின் பெரிய பலம், நாவலை அறியாதவர்களுக்கும் அவை இயல்பான பெயர்களாகவே கேட்பது. அரவிந்தன் இளமையில் இறந்துபோகிறான். ஆனால் பிறருக்காக உழைத்து இறக்கிறான். பூரணி தந்தையை இழந்த பின் தம்பி தங்கைகளைத் தாங்கி, தன் சொல்லாலும் படிப்பாலும் உயர்ந்து நிற்கிறாள். இருவரில் நான் பூரணிக்கே முதலிடம் தருவேன். பழைய பெயராகத் தோன்றுவதே இன்று அதன் புதுமை.

தி. ஜானகிராமனின் யமுனா, ஜெயகாந்தனின் கங்கா ஆகியோரை இலக்கிய வாசகர்கள் சிலர் நினைப்பார்கள். இரண்டும் ஆற்றின் பெயர்களாகவே நிற்கும், கதை பின்னால் மறைந்துவிடும். கங்காவின் கதை ஒரு வன்கொடுமையில் தொடங்குகிறது. மகளிடம் அதைச் சொல்ல நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். சுஜாதாவின் அறிவியல் கதையில் வரும் நிலா, சிபி போன்ற சிறு பெயர்கள் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு மிகவும் வசதியானவை. நிலாவைப் பொறுத்தவரை வகுப்பில் இன்னும் இரண்டு நிலாக்கள் இருக்கக்கூடும் என்பது மட்டுமே யோசனை. இடதுசாரிக் குடும்பங்களில் மக்சிம் கார்க்கியின் 'தாய்' நாவலிலிருந்து பாவெல் என்று வைக்கும் வழக்கம் உண்டு. அந்த வீடுகளில் அப்பெயர் ஒரு கொள்கையையும் கையளிக்கிறது, மதிக்கத் தக்கது.

திரைப்படப் பெயர்களில் நான் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. அஞ்சலி, ஜெஸ்ஸி, ஜானு என்று ஒவ்வொரு படத்தோடும் ஒரு பெயர் பரவுகிறது. கேட்டவுடன் பிறந்த ஆண்டு தெரிந்துவிடும் என்பது ஒரு குறை. முடிவைப் பார்க்கத் தவறுவது இன்னொரு குறை: 1990இல் வந்த படத்தின் அஞ்சலி என்ற அந்தக் குழந்தை, படத்தின் கடைசியில் இறந்துபோகிறது. பெயர் தனியாக நிற்கும் வலுவுடையது என்பதால் அதை வைத்தவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

முடியாத தொடரிலிருந்து பெயர் எடுப்பதுதான் உண்மையான ஆபத்து. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் பல பெண் குழந்தைகளுக்குக் கலீசி என்று பெயர் வைத்தார்கள். அது கதைக்குள் ஒரு பட்டம், டெனேரிஸ் என்ற அரசிக்குரியது. அடிமைகளை விடுவித்தவள் என்று கொண்டாடினார்கள். 2019 மே மாதம் தொடர் முடிந்தபோது, சரணடைந்துவிட்ட ஒரு நகரத்தை அவள் மக்களோடு சேர்த்து எரித்தாள். பெயர் பதிவாகி ஆண்டுகள் ஆகிவிட்ட பெற்றோர் என்ன செய்ய முடியும்? தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இன்று நல்லவளாக இருக்கும் மருமகள் ஐந்நூறாவது பகுதியில் எப்படி இருப்பாள் என்று எழுதுபவருக்கே தெரியாது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் ஆர்யா என்ற பெயரை எடுத்தவர்கள் தப்பித்தார்கள். இந்தியாவில் அது முன்பே இருந்த பெயர், அவள் கதையும் நன்றாகவே முடிந்தது.

நட்சத்திர எழுத்து பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. வழக்கில் உள்ள பட்டியலின்படி கார்த்திகைக்கு அகரம் வருவதால் அருள்மொழி, அரவிந்தன், ஆதிரை பொருந்தும். திருவாதிரைக்குக் 'கு' என்பதால் குந்தவை. அஸ்தத்துக்குப் 'பூ' வருவதால் பூங்குழலி, பூரணி. அனுஷத்துக்கு நகரம், நந்தினி. ரோகிணிக்கு 'வ' வரிசை, வந்தியத்தேவன், வானதி. உங்கள் குழந்தையின் நாள் இவற்றில் இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். ராஜராஜன் பிறந்தது ஐப்பசிச் சதயம். சதயத்துக்கு அந்தப் பட்டியலில் உள்ள எழுத்துகள் கோ, ச, சி, சு. அருள்மொழி அதில் அடங்கவில்லை. பெரிய கோயில் கட்டியவனுக்கு அதனால் குறை ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை.

தாத்தா பெயரோ குலதெய்வத்தின் பெயரோதான் வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால், தொட்டிலில் மூன்று முறை சொல்லும் பெயராக அதை வைத்துக்கொண்டு, சான்றிதழில் கதைப் பெயரைப் பதியலாம். பல குடும்பங்களில் இப்படித்தான் சுமுகமாகிறது. இரண்டையும் சேர்த்துச் சான்றிதழில் எழுதிவிடாதீர்கள். நீளமான இரட்டைப் பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் ஏறி, பின்னால் பிள்ளையை அலையவைக்கும்.

என் தேர்வைக் கேட்டால், பெண்ணுக்கு ஆதிரை, ஆணுக்கு அருள்மொழி. வெளிநாட்டில் வளரப்போகும் ஆண் பிள்ளை என்றால் ழகரத்தை முன்னிட்டு அருள்மொழிக்குப் பதில் சேந்தன். தமிழ்நாட்டில், துணிச்சலான பெண்ணாக வளர வேண்டும் என்ற கனவோடு இருப்பவர்களுக்குப் பூங்குழலி. இலக்கிய வாடையே தெரியாமல் அமைதியாக ஒரு நாவலைப் பெயரில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குப் பூரணி. நந்தினியையும் ஆதித்த கரிகாலனையும் வாசிப்பில் நேசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அவசரப்பட வேண்டிய அவசியமும் இல்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலேயே பதிவு செய்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பல இடங்களில் பிறப்புச் சான்றிதழே ஆவணம் என்பதால், அதில் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் பிழையின்றி இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். பிறகு மாற்றுவது என்றால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். கிடைத்திருக்கும் அந்த மாதங்களில் கணவனும் மனைவியும் நீங்கள் நினைத்திருக்கும் நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மணிமேகலையை மூலத்தில் படிக்கக் கடினமாக இருந்தால் உரையோடு கூடிய பதிப்பை வாங்குங்கள். ஆதிரை பிச்சையிட்ட காதையை மட்டும் ஒரே மாலையில் படித்துவிடலாம்.